கோலுக்கு முன் காது

மேற்கத்திய இசைக் கல்வியில் கடைசி வரிசையில் வைக்கப்பட்டிருக்கும் பாடம், ஆர்கெஸ்ட்ராவை நடத்துவது. வயலினை நான்கைந்து வயதிலேயே குழந்தையின் தோளில் வைத்துவிடுகிறார்கள். பியானோவுக்கும் அப்படித்தான். ஆனால் எண்பது பேர் கொண்ட குழுவின் முன்னால் கோலுடன் நிற்க வேண்டுமென்றால் முதலில் ஒரு கருவியில் தேர்ச்சி, பிறகு இசைக் கோட்பாட்டில் தேர்ச்சி, பிறகு ஒரு பட்டம், அதற்கப்புறம்தான் நடத்துநர் வகுப்பு என்பது பல இசைக் கல்லூரிகளில் ஊறிப்போன வழக்கம். இதற்குச் சொல்லப்படும் காரணம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல: தான் வாசித்தறியாத இசையை மற்றவர்களை வாசிக்கச் சொல்லும் தகுதி ஒருவருக்கு எப்படி வரும்? ஆனாலும் இந்த வழக்கம் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது என்பதே என் வாதம். ஒரு சிம்ஃபனியைப் பற்றித் தனக்கென்று ஒரு பார்வையை உருவாக்கிக்கொள்வதும், அனுபவம் மிக்க வாத்தியக்காரர்களை அந்தப் பார்வைக்கு இணங்கவைப்பதும் வயதோடு வருபவை, அவசரப்படுத்த முடியாதவை. பல குரல்களை ஒரே நேரத்தில் பிரித்துக் கேட்பது, முழு இசைக்குறிப்பான ஸ்கோரைக் கண்ணால் படித்து மனத்துக்குள் ஒலிக்கவைப்பது, ஒலிக்கப்போவதை உடலால் முன்கூட்டிக் காட்டுவது ஆகியவை அப்படியல்ல. இவை பழக்கத்தால் வருபவை. சீக்கிரம் தொடங்கினால் ஆழமாகப் படிபவை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா நடத்துதலை அறிமுகப்படுத்தலாமா என்ற கேள்வியை, இந்த இரண்டையும் பிரித்துவைத்துக்கொண்டு பார்த்தால்தான் நேரான பதில் கிடைக்கும்.

நடத்துநர் என்று தனியாக ஒருவர் குழுவுக்கு முன்னால் நிற்பதே அவ்வளவு பழைய ஏற்பாடு அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் முதல் வயலின்காரரோ, ஹார்ப்சிகார்டில் அமர்ந்திருந்தவரோதான் குழுவை வழிநடத்தினார். குழு பெருத்து, ஒரே படைப்புக்குள் வேகமும் உணர்வும் அடிக்கடி மாறத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் எந்தக் கருவியையும் வாசிக்காமல் கோலை மட்டும் பிடித்து நிற்பவர் தேவைப்பட்டார். அந்த வேலையை ஒரு கலையாக நிலைநிறுத்திய முன்னோடிகளில் ஒருவர் ஃபீலிக்ஸ் மெண்டல்சோன். 1835இல் லைப்சிக் நகரின் கெவாந்த்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 26. ஆனால் அவருடைய பயிற்சி அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1821 முதல் 1823 வரை, அதாவது 12 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில், தந்திக் கருவிகளுக்காக 12 சிம்ஃபனிகள் எழுதினார். பெர்லினில் அவர் வீட்டில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளில் தன் இசையைத் தானே நடத்திப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. 1829இல், 20 வயதில், நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த பாஹின் ‘புனித மத்தேயு பாடுகள்’ படைப்பை நடத்தி அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். மெண்டல்சோன் ஒரு மேதை, அவரை வைத்து எல்லா மாணவர்களுக்கும் விதி வகுக்க முடியாது என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்த மேதைமைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அவர் குடும்பம் வங்கித் தொழில் செய்த செல்வக் குடும்பம். வாத்தியக்காரர்களை வரவழைத்து மகன் முன்னால் உட்காரவைக்க முடிந்தது. எழுதியது உடனே ஒலித்தது, கையசைத்தது உடனே பதிலாகத் திரும்பி வந்தது. அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த அபூர்வமான வசதி அதுதான். இன்று ஒரு பள்ளியில் முப்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதென்றால், அங்கே படிக்கும் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கும் அதே வசதி ஏற்கெனவே அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

நடத்துநரின் கை உண்மையில் என்ன செய்கிறது என்பதில் பொதுவாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய நமக்கு அதை விளக்கிக்கொள்வது சுலபம். ஆதி தாளம் போடும்போது கை எட்டு அட்சரங்களை எண்ணுகிறது: ஒரு லகு, இரண்டு திருதம். பாடுபவர், முன்வரிசை ரசிகர் என எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் ஒரே அடியில் விழுகிறது. அங்கே கை, நடந்துகொண்டிருக்கும் காலத்தைக் குறிக்கிறது. ஆர்கெஸ்ட்ரா நடத்துநரின் கை இன்னும் நடக்காததைக் குறிக்கிறது. முதல் சுரம் ஒலிப்பதற்கு ஓர் அடி முன்னதாக அவர் கையை உயர்த்தும் அந்த முன்னசைவில்தான் காலப்பிரமாணம், ஒலியின் அளவு, தொடக்கம் கூர்மையா மென்மையா என்பது எல்லாம் அடங்கியிருக்கிறது. கை கீழே விழும் நேரத்தில் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார். அதற்குப் பிறகு திருத்த முடியாது. பெத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி இதனால்தான் தொடக்க மாணவர்களைத் திணறவைக்கிறது. உலகமே அறிந்த அந்த நான்கு சுரங்களுக்கு முன்னால் ஒரு சிறு மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. அடி விழுவது அந்த மௌனத்தின் மேல். சுரங்கள் அதைத் தாண்டி, மிக விரைவாக, எல்லோரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும். நான்காவது சுரத்தில் காலம் நின்றுவிடுகிறது, அதை எவ்வளவு நீட்டுவது, எப்படி வெட்டுவது என்பதும் நடத்துநரின் கையில். இரண்டு, மூன்று, நான்கு அடிகளுக்கான கையசைவு வடிவங்களை ஒரே மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். முன்னதாகவே கேட்டு, முன்னதாகவே காட்டும் இந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டியது. அதை 22 வயதுக்குத் தள்ளிப்போடுவதற்கு இசைக்குள்ளிருந்து ஒரு காரணமும் கிடையாது.

இதைப் பள்ளி வயதிலேயே பாடமாக ஆக்க முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஜப்பான். ஜெர்மனியில் படித்துத் திரும்பிய செல்லோ கலைஞர் ஹிதேயோ சைட்டோ, இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948இல், வேறு சில இசைக்காரர்களுடன் சேர்ந்து டோக்கியோவில் குழந்தைகளுக்கான இசை வகுப்பைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் வளர வளர, அவர்களுக்காக 1952இல் தோஹோ கல்வி நிறுவனத்தின் உயர்நிலைப் பள்ளியில் இசைப் பிரிவு உருவானது. முதல் அணியில் சேர்ந்தவர்களில் ஒருவர் செய்ஜி ஒசாவா. ரக்பி ஆட்டத்தில் விரல் முறிந்ததால் பியானோ கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டு, பதின்வயதில் சைட்டோவிடம் நடத்துதல் கற்கத் தொடங்கியவர். 1959இல் பிரான்சின் பெசான்சோன் போட்டியில் வென்றார். 1973 முதல் 2002 வரை பாஸ்டன் சிம்ஃபனியின் இசை இயக்குநராக இருந்தார். ஒசாவாவின் புகழைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சைட்டோவின் முறை. கையசைவுகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். தசையைத் தளர்த்திக் கையைத் தன் எடையிலேயே விழவிட்டு, ஒரு புள்ளியில் தட்டி எழும்பவிடும் அசைவு ஒரு வகை. வேகம் கூடாமல் குறையாமல் சீராக நகரும் அசைவு இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில் வேறு சில. 1956இல் இவற்றைப் பாடநூலாக வெளியிட்டார். ‘நடத்துதல் பிறவிக் கொடை, கற்பிக்க முடியாதது’ என்ற பேச்சுக்கு அந்த நூலைவிட நல்ல மறுப்பு இல்லை. இந்த முறை மாணவர்களை ஒரே அச்சில் வார்த்துவிடும் என்றும் குறை சொல்வதுண்டு. ஒசாவாவையும், சைட்டோவின் இன்னொரு மாணவரான கசுயோஷி அகியாமாவையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அந்தக் குறை நிற்காது. ஒரே ஆசிரியர், ஒரே பாடநூல். வந்த இசை வேறு.

ரஷ்யாவில் வழி வேறு. அங்கே பள்ளி வயதில் நடத்துதல் வந்து சேர்ந்தது பாடற்குழு மூலமாக. மாஸ்கோவில் அலெக்சாந்தர் ஸ்வெஷ்னிகோவ் 1944இல் நிறுவிய பாடற்பள்ளியிலும், லெனின்கிராதின் கிளின்கா பாடற்பள்ளியிலும் ஏழு வயதில் சேரும் சிறுவர்கள் பொதுப் பாடங்களோடு குரல், பியானோ, பாடற்குழு நடத்துதல் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தார்கள். கிளின்கா பள்ளியில் ஏழு வயதில் சேர்ந்த செம்யோன் பிச்கோவ், 17 வயதில் நடத்துதல் ஆசிரியர் இல்யா முஸினின் வகுப்புக்குப் போனபோது, நடத்துதல் என்பது அவருக்குப் புது உலகமாக இருந்திருக்காது. ஃபின்லாந்து இன்னொரு வழியைக் காட்டுகிறது. நடத்துதல் ஆசிரியர் யோர்மா பனுலா 1973 முதல் 1993 வரை சிபேலியஸ் அகாதெமியில் கற்பித்தார். மாணவர்களுக்கு வாரந்தோறும் உண்மையான வாத்தியக் குழு ஒன்று முன்னால் இருக்க வேண்டும், அவர்கள் நடத்துவதைப் படம்பிடித்து உடனே பார்க்கவைக்க வேண்டும், ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும்: அவர் முறையின் சாரம் இவ்வளவுதான். வகுப்பு மாணவர்களே அந்தக் குழுவில் உட்கார்ந்து வாசித்தார்கள். கோல் கையிலிருந்து இறங்கியதும் அவரவர் கருவிக்குத் திரும்பினார்கள். எசா-பெக்கா சலோனென், சகாரி ஓரமோ, யுக்கா-பெக்கா சரஸ்தே, ஒஸ்மோ வான்ஸ்கா என்று 55 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் நாட்டிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல் வியப்பூட்டுவது. 1996இல் பிறந்த க்ளாவுஸ் மக்கேலா பனுலாவிடம் படிக்கத் தொடங்கியது 12 வயதில். 2020இல், 24 வயதில், ஓஸ்லோ ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மை நடத்துநரானார். பனுலாவை முழுக்கக் கொண்டாடிவிடவும் முடியாது. 2014இல் பெண் நடத்துநர்களைத் தாழ்த்தி அவர் பேசியது ஃபின்லாந்திலேயே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவரிடம் படித்தவர்களில் நடத்துநர் சூசன்னா மால்க்கியும் ஒருவர். ஆசிரியரின் கருத்து தவறென்பதற்கு அவர் வகுப்பறையே சாட்சி.

இதுவரை சொன்னவை சிறப்புப் பள்ளிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள். ‘சாதாரணப் பள்ளியில் இது நடக்குமா’ என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் அணிவகுப்பு பேண்டுகளைப் பார்க்கட்டும். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் ட்ரம் மேஜர் எனப்படும் மாணவர் மேடைமேல் ஏறி நின்று, சில பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சக மாணவர்களை நடத்துகிறார். இசைக் கல்லூரிக்கே போகாத பிள்ளைகள்தான் அவர்களில் பலர். அந்தக் களம் ஒலியியலுக்கே நல்ல பாடம். அமெரிக்கக் கால்பந்து ஆடுகளம் கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 91 மீட்டர் நீளம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 45 மீட்டர் தள்ளி நிற்கும் தாளக் கருவியின் ஒலி நம்மை எட்ட 0.13 நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்ற நடைவேகத்தில் அது ஓர் அடியின் கால் பங்கு. தூரத்தில் நிற்பவர் தன் காதுக்கு வரும் தாளத்தை நம்பி வாசித்தால் பார்வையாளருக்கு எல்லாம் கலைந்துதான் கேட்கும். ட்ரம் மேஜரோ தாளக் கருவிக்காரர்களின் காலடியைக் கண்ணால் பார்த்து அதைத் தன் கையில் காட்டுகிறார். குழுவுக்கு முன்னால் ஒருவர் ஏன் வேண்டும் என்பதை 16 வயதுப் பிள்ளை அங்கே உடம்பாலேயே தெரிந்துகொள்கிறது. ஜப்பானியப் பள்ளிகளின் காற்றுக்கருவி பேண்டுகளிலும் மாணவர் நடத்துநர் என்ற பொறுப்பு உண்டு. சுருதி சேர்ப்பது, நீண்ட சுரங்களைப் பிடித்துப் பழகுவது போன்ற அன்றாட அடிப்படைப் பயிற்சியை ஆசிரியர் வருவதற்கு முன் நடத்திவைப்பது அவர் வேலை. பகட்டில்லாத அந்த வேலையைத்தான் நான் அறிமுகத்துக்கான மிகச் சிறந்த வடிவமாகக் கருதுகிறேன்.

ஏனென்றால் நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழுவுக்கு முன்னால் நிற்பவருக்குக் கையில் செய்ய அதிகம் இல்லை. கேட்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. இரண்டாம் கிளாரினெட் சற்றுத் தாழ்வாக இருக்கிறதா, ஹார்ன் தாமதமாக நுழைந்ததா, வியோலா ஒலிக்கிறதா இல்லையா? பள்ளிப் பாடம் தொடங்க வேண்டிய இடம் இது. அடுத்தது ஸ்கோர். தன் கருவிக்கான ஒற்றை வரியை மட்டுமே பார்த்து வளர்ந்த மாணவருக்கு, இருபது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட பக்கம் முதலில் மிரட்டலாகத்தான் இருக்கும். அதிலும் எழுதியிருப்பது ஒன்று, ஒலிப்பது வேறு: பி-ஃப்ளாட் கிளாரினெட்டின் சுரம் எழுத்தைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும், எஃப் ஹார்ன் ச–ப தூரம் கீழே. வியோலாவுக்குத் தனிக் குறியீடு. இவற்றைக் கணக்காகப் படித்தால் மாணவர் சலித்துப்போவார். தன் பக்கத்து நண்பர் வாசிக்கும் கருவியைப் பற்றிய செய்தியாகப் படித்தால் அது ஒரே வாரத்தில் பதிந்துவிடும். நடத்துநர் ஹெர்மான் ஷெர்ஹென் 1929இல் வெளியிட்ட நடத்துதல் கையேட்டில் வலியுறுத்தியது அகச்செவியை: ஒலி பிறப்பதற்கு முன்பே படைப்பு முழுவதும் நடத்துநரின் மனத்துக்குள் ஒலித்தாக வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அகச்செவி வெற்றிடத்தில் வளராது. கண்ணாடி முன் நின்றுகொண்டும், பதிவுசெய்த இசைக்குக் கையசைத்துக்கொண்டும் பழகுவது இன்று எல்லோருக்கும் எளிது. ஆனால் அது கெடுதல் என்றே சொல்வேன். பதிவில் ஒலி முந்திக்கொள்கிறது, கை அதைப் பின்தொடர்கிறது. காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. தவறான கையசைவுக்கும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் அழகாகவே வாசிக்கும். பள்ளித் தோழர்கள் அப்படி மன்னிக்க மாட்டார்கள். காட்டியது தெளிவில்லையென்றால் ஒலியும் தெளிவில்லாமல் வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெத்தோவனின் முதல் சிம்ஃபனி நடத்துதல் வகுப்புகளில் நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவருகிறது. 1800இல் முதன்முதலாக ஒலித்த அந்தப் படைப்பு சி மேஜரில் எழுதப்பட்டது. ஆனால் அதன் முதல் ஒலித்தொகுதி வீட்டுச் சுரத்தில் நிலைகொள்ளாமல் வேறொரு சுரத்தை நோக்கி இழுக்கிறது. அந்த ஒரே தருணத்தில் காற்றுக்கருவிகள் ஒலியை நீட்டிப் பிடிக்கின்றன. தந்திக்கருவிகள் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டுகின்றன. நீட்டும் ஒலிக்கு வேண்டியது மூச்சோடு கூடிய, சற்று அகன்ற முன்னசைவு; சுண்டும் விரலுக்கு வேண்டியது கூர்மையான ஒரு புள்ளி. ஒரே கை, ஒரே அசைவு, இரண்டு தேவைகள். இதைக் கரும்பலகையில் எவ்வளவு விளக்கினாலும் போதாது. மாணவர் கையை இறக்குகிறார். தந்திகள் சிதறிக் கொட்டுகின்றன, அல்லது புல்லாங்குழல் மூச்செடுக்க நேரமில்லாமல் தடுமாறுகிறது. அடுத்த முறை அவரே தன் கையோடு சேர்ந்து மூச்செடுக்கிறார். குழு ஒன்றாக நுழைகிறது. இரண்டு நிமிடத்துக்குள் நடந்துமுடியும் இந்தக் கற்றல், நடத்துபவருக்கு மட்டுமே சொந்தமல்ல. தன் நண்பர் கையிறக்கும்போது தடுமாறியது ஏன் என்று குழுவில் இருப்பவர்களும் யோசிக்கிறார்கள். அடுத்த ஒத்திகையில் ஆசிரியரின் கையை அவர்கள் கவனிக்கும் விதமே மாறிவிடுகிறது.

மறுப்புகளில் வலுவானது முதிர்ச்சி பற்றியது. பதினைந்து வயதில் ப்ராம்ஸின் நான்காம் சிம்ஃபனி என்ன புரியும்? கொஞ்சம்தான் புரியும். புரிந்துவிட்டதாகப் பாசாங்கு செய்யவைப்பதுதான் ஆபத்து. அந்த ஆபத்துக்கு வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு. 1930இல் பிறந்த லோரின் மாசெல் ஒன்பது வயதில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். 1941இல், 11 வயதில், நடத்துநர் டோஸ்கனினியின் அழைப்பில் என்.பி.சி. சிம்ஃபனியை நடத்தினார். மாசெல் பின்னாளில் பெரிய நடத்துநராக வளர்ந்தார் என்பது உண்மைதான். ஆனால் குழந்தையை மேடையேற்றி வியந்து கைதட்டும் அந்தப் பழக்கம் கல்வி அல்ல. பள்ளியில் நடத்துதல் கற்பிக்கச் சொல்லும்போது நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது: மேடை வேண்டாம், ஒத்திகை அறை போதும், ஒரே திறமைசாலி வேண்டாம், எல்லோருக்கும் முறை வேண்டும், ப்ராம்ஸ் வேண்டாம், ஹைடனின் ஒரு மினுவெட் போதும். வகுப்பு முடிவில் மாணவர் நடத்துநராக வேண்டியதில்லை. அவர் தேர்ந்த இரண்டாம் வயலின்காரராகவோ, கச்சேரியில் எதைக் கேட்பது என்று தெரிந்த பொறியாளராகவோ ஆனாலும் வகுப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

இன்னொரு மறுப்பு அதிகாரம் பற்றியது. இதை நான் இன்னும் கவனமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆர்கெஸ்ட்ரா என்பதே ஒருவர் ஆணையிட மற்றவர் கீழ்ப்படியும் அமைப்பு, அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அடக்குமுறையைக் கற்பிப்பது என்று வாதிடுபவர்கள் உண்டு. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா இயக்கம், ஏழைப் பிள்ளைகளை ஆர்கெஸ்ட்ராக்களுக்குள் கொண்டுவந்ததற்காக உலகெங்கும் போற்றப்பட்டது. அதன் வார்ப்பான குஸ்தாவோ துதமேல் 1999இல், 18 வயதில், சிமோன் பொலிவார் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றார். 2004இல் பாம்பெர்க் நகரில் நடந்த மாலர் நடத்துநர் போட்டியில் வென்றார். அதே இயக்கத்தை நேரில் ஆராய்ந்த இசையியலாளர் ஜெஃப்ரி பேக்கர், 2014இல் வெளியிட்ட நூலில் அதன் கட்டுப்பாட்டுப் போக்கையும் மேலிருந்து கீழே பாயும் அதிகாரத்தையும் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. கோல் ஒரே கையில் நிலைத்துவிடும் இடத்தில்தான் அது ஆணைக்கோலாகிறது. செவ்வாய்க்கிழமை நடத்தியவர் வியாழக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, முந்தாநாள் தான் முறைத்துப் பார்த்த நண்பரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டியிருந்தால், அதிகாரத்தைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் பாடம் முற்றிலும் வேறு. 1922 முதல் 1932 வரை மாஸ்கோவில் இயங்கிய பெர்சிம்ஃபான்ஸ் நடத்துநரே இல்லாத ஆர்கெஸ்ட்ரா. 1972இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸ் குழுவும் அப்படித்தான். நடத்துநர் தேவையில்லை என்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. ஆர்ஃபியஸில் ஒவ்வொரு படைப்புக்கும் வழிநடத்தும் சிறு அணி மாறிக்கொண்டே இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் தங்கள் வரியை மட்டும் அறிந்தவர்களல்ல, முழு ஸ்கோரையும் படித்தவர்கள். அங்கே நடத்துதல் காணாமல்போகவில்லை, எல்லோருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. பள்ளியில் நாம் செய்ய முயல்வதும் அதுவே.

நேரம் வீணாகிறது என்ற புகாரும் வரும். ஒருவர் தட்டுத்தடுமாறிக் கற்க முப்பது பேர் காத்திருக்க வேண்டுமா? ஒத்திகை முழுவதையும் கொடுத்தால் அது வீண்தான். தொடக்கத்துச் சுருதிப் பயிற்சியில் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். அந்தப் பத்து நிமிடம் யார் நடத்தினாலும் செலவாகப்போவதுதான்.

பெண்கள் விஷயத்தில் பள்ளி வயதின் முக்கியத்துவம் தனியாகச் சொல்லப்பட வேண்டும். நடத்துநர் வகுப்பு இருபது வயதுக்கு மேல் தொடங்கினால், யார் விண்ணப்பிப்பது என்பது அதற்குள் தீர்மானமாகிவிடுகிறது. தன்னைப் போன்ற யாரையும் அந்த இடத்தில் பார்த்திராத பெண் விண்ணப்பிக்கவே மாட்டாள். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் இளையோருக்கான 53 கச்சேரிகளைத் தொலைக்காட்சி வழியே கொடுத்தார். சிறுமியாக அவரை நேரில் கேட்ட மாரின் ஆல்சொப் நடத்துநராவதென்று ஒன்பது வயதிலேயே முடிவுசெய்தார். பெண்களுக்கு அது முடியாது என்று சொல்லப்பட்டதையும் மீறி வந்து, 2013இல் லண்டன் ப்ரோம்ஸ் இசைவிழாவின் நிறைவு இரவை நடத்திய முதல் பெண்ணானார். அவருக்கு விதை விழுந்தது ஒரு கச்சேரி அரங்கில், தற்செயலாக. பள்ளியில் எல்லோருக்கும் முறை வரும் ஏற்பாடு இருந்தால் தற்செயலுக்கு அங்கே இடமில்லை. வரிசைப்படி முறை வரும்; கூச்சமுள்ள பெண்ணும் எழுந்து நிற்பாள்; குழு வாசிக்கும். தன்னால் முடியும் என்று அவள் தெரிந்துகொள்ள யாருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை.

ஆர்கெஸ்ட்ராவே இல்லாத பள்ளியில் என்ன செய்வது என்பதுதான் நம் பக்கத்து வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்வி. சென்னையில் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும், வசதியற்ற பிள்ளைகளுக்கு அது பயிற்சி தரும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் போன்ற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்ஃபனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அரங்கேற்றியதைக் கேட்டுப் பெருமைப்பட்ட பிள்ளைகள் பலருக்கு, ஆர்கெஸ்ட்ராவை நேரில் பார்க்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. ஆனால் ரஷ்யப் பள்ளிகள் காட்டிய வழி இங்கே பொருந்தும். நடத்துதலுக்கு முதலில் வேண்டியது வயலின்கள் அல்ல, சேர்ந்து ஒலிக்கும் குரல்கள். திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் சென்னையிலும் தேவாலயப் பாடற்குழுக்கள் நான்கு குரல் பிரித்துப் பாடும் வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவருகின்றன. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு வரிகள் கொண்ட அந்தப் பக்கமும் ஒரு ஸ்கோர்தான். இருபது வரிகளைப் படிக்கும் கண்ணுக்கு அதுவே முதல் படி. பியானோ இருக்கும் இடத்தில் ஒரே பியானோவில் இருவர் நான்கு கைகளால் ஒரு சிம்ஃபனியின் சுருக்கத்தை வாசிக்க, மூன்றாமவர் நடத்தலாம். உலகின் பெரிய நடத்துநர் வகுப்புகளே இன்றும் வாரத்தின் பல நாட்களைப் பியானோக்களோடுதான் கழிக்கின்றன. அதுவும் இல்லையென்றால் எட்டுப் பேர் இரண்டு குரலில் பாடும் ஒரு சுற்றுப்பாட்டு போதும்: இரண்டாம் அணி நுழைய வேண்டிய அடிக்கு ஓர் அடி முன்னதாக அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து மூச்செடுத்து, கையால் அழைக்கத் தெரிந்துகொண்ட மாணவர், பின்னால் என்றாவது ஓர் ஆர்கெஸ்ட்ராவின் ஹார்ன்களை உள்ளே அழைக்க வேண்டி வந்தால் அதே பார்வையையும் அதே மூச்சையும்தான் பயன்படுத்துவார்.